ஜீன்ஸ் அக்காவின் ஐந்து பாக்கெட்டுகள்

உலகத்தில் ஜீன்ஸ் போட்டவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். அதைப் போடுவதற்கு முழுத் தகுதி உள்ள ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் சினிமா நடிகர் இல்லை, கிடார் வாசிப்பவர் இல்லை, மோட்டார் சைக்கிளில் லடாக் போய் வந்தவரும் இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அம்மாள். வயது நாற்பத்தேழு. இறுக்கிப் போட்ட கொண்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, முழுக்கைச் சட்டை, காலில் இரும்பு மூக்கு வைத்த ஷூ, நடுவில் நீல ஜீன்ஸ். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மாதா மாதம் அதைத் தட்டச்சு செய்த எனக்கே மறந்துபோய்விட்டது. பேட்டை முழுக்க அவர் ஜீன்ஸ் அக்கா.

நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பதிவு செய்வது என் வேலை. மேலே இருப்பவர் சொல்வதைத் தட்டச்சு செய்து, கீழே இருப்பவரிடம் கொடுத்து, இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவதும் அதே வேலைதான். புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு அறையில் தங்கியிருந்தேன். அக்காவின் வீடு கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பின்னால்.

அக்கா ஆரம்பத்தில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தார். புடவை, அதன் மேல் காக்கிக் கோட்டு, கையில் துடைப்பம். ஒரு நாள் கன்வேயர் ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தபோது முந்தானை உருளையில் சிக்கி அவரை நாலடி தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. யாரோ ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அமுக்கியதால் அக்கா பிழைத்தார். புடவை பிழைக்கவில்லை. கம்பெனி அன்று மாலையே அவசரக் கூட்டம் போட்டது. ஒன்றரை மணி நேரம் பேசினார்கள், டீ வந்தது, சமோசா வந்தது. மறுநாள் காலை பெண் தொழிலாளர் அத்தனை பேருக்கும் பாதுகாப்பு உபகரணம் வழங்கப்பட்டது: ஆளுக்கு இரண்டு சேஃப்டி பின். நான்தான் கையெழுத்து வாங்கினேன்.

அக்கா அந்தப் பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த குத்திக்கினா மெஷினு பயந்து ஓடிப்பூடுமா சார்?"

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா புதுவாயல் கூட்டுரோட்டுக்கு வந்தார். அங்கே சாலையோரம் தார்ப்பாய் விரித்து, ஏற்றுமதியில் கழித்துப்போட்ட ஜீன்ஸ்களை மலையாகக் குவித்து விற்பார்கள். டீக்கடையில் நின்றுகொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

"பையனுக்காம்மா? இன்னா சைஸு?" என்றான் கடைக்காரன்.

"எனக்கு."

"உங்களுக்கா!"

"இன்னாத்துக்கு இப்டி முழிக்கிற? காலு ரெண்டு எனக்கும் கீதில்ல. முப்பத்தாறு எடு."

திங்கட்கிழமை காலை கவரைப்பேட்டை தெருவில் போக்குவரத்து நின்றதாகக் கேள்வி. பால்காரர் பாலை வாசலில் ஊற்றிவிட்டாராம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் ஒருவன் வண்டியை நிறுத்தி, "இன்னாக்கா, காலேஜுல சேந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறான்.

"ஆமா நைனா, உங்கம்மாதான் அங்க பிரின்ஸ்பாலு. பீஸு கட்டப் போய்க்கினு கீறேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்து வந்தார் அக்கா. அதோடு அந்தத் தெருவில் கேள்வி நின்றது.

பேண்ட் போட்டதும் அக்காவின் நடையே மாறிவிட்டது. இரண்டு இரண்டு படியாக ஏறினார். சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் ஒரு மணி நேரம் குழாய்க் கட்டுகளுக்குப் பின்னால் படுத்துக் குறட்டை விடுவார். அந்த ஒரு மணி நேரத்தில் அக்கா அவருடைய வண்டியில் ஏறி உட்கார்ந்து எந்த நெம்புகோலை இழுத்தால் எது தூக்கும், எது சாயும் என்று பழகினார். பிறகு லைசென்ஸ் எடுத்தார், பயிற்சிச் சான்றிதழ் வாங்கினார். ஆபரேட்டர் நல்ல சம்பளம் என்று எல்லை தாண்டி ஆந்திரா பக்கம் போனதும் அக்காதான் ஆபரேட்டர். முக்கால் டன் குழாய்க் கட்டை லாரியில் இறக்கினால் சத்தமே வராது. கட்டுக்குக் கட்டு, "வாடி செல்லம், மெதுவா ஒக்காரு" என்று பேசிக்கொண்டே இறக்குவார். லாரி டிரைவர்கள் தங்களைத்தான் சொல்கிறாரோ என்று அடிக்கடி சங்கடப்பட்டார்கள்.

எனக்கும் ஜீன்ஸுக்கும் ஒரு பழைய பகை உண்டு. கல்லூரியில் படிக்கும்போது நண்பனிடம் கெஞ்சி ஒரு ஜீன்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த என் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லாரி கிளீனர் வேலை எந்த ஊர்ல?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் நான் உலகத்தையே எதிர்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. என் கலகம் அதோடு முடிந்தது. ஜீன்ஸை அம்மா ஸ்கூட்டர் துடைக்க எடுத்துக்கொண்டார்.

இந்தக் கதையை ஒரு நாள் டீ நேரத்தில் அக்காவிடம் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீ குடிக்கும்போது செல்போனில் கண்டதையும் பார்க்கிற பழக்கம் அவருக்கு. ஜீன்ஸ் பற்றி எந்த வீடியோ வந்தாலும் விடமாட்டார்.

"உங்க நைனா சொன்னது கரீட்டு சார். இது லாரி கிளீனரு பேண்டுதான். அமெரிக்காவுல மொதமொதல்ல இத்த போட்டது யாருன்ற? சொரங்கத்துல மண்ணு வெட்ற ஆளு, மாடு மேய்க்கிற ஆளு. கிழியக் கூடாதுன்னு மூலைக்கு மூல செம்பு ஆணி அட்ச்சி வெச்சான். எல்லாம் நம்ம மாரி கூலிக்காரன்தான்."

"அப்புறம் எப்படிக்கா காலேஜுப் பசங்க கிட்ட வந்தது?"

"சினிமாக்காரன் போட்டான். பாத்துட்டு பணக்கார ஊட்டுப் பசங்க அப்பன்மாரு மேல கோவம் வந்தா போட்டுக்கினாங்க. அப்பனுங்க கத்துனாங்க. கத்துனா வுடுவானா? தலமயிர வளத்துக்கினு, கிடாரத் தூக்கிக்கினு, சண்ட வாணாம் யுத்தம் வாணாம்னு ஊர்வலம் போனவன்லாம் இதான் போட்டான். பள்ளிக்கூடத்துல வெரட்டுனாங்க, கோயில்ல வெரட்டுனாங்க. வெரட்ட வெரட்ட வெல ஏறிப்போச்சு. இப்ப கிழிஞ்சி கீறதுக்குத்தான் வெல ஜாஸ்தி. அநியாயத்தப் பாரு சார். கிழியக் கூடாதுன்னு தச்சவன் இத்த பாத்தா மயக்கம் போட்டு வுழுவான்."

இப்போது பெரிய கம்பெனிகளில் வெள்ளிக்கிழமைதோறும் ஜீன்ஸ் போட்டு வரச்சொல்லி அவர்களே மெயில் அனுப்புகிறார்கள். கலகம் செய்வதற்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கிக்கொடுத்த முதலாளிகளின் சாமர்த்தியத்தை என்ன சொல்வது!

"நீங்க யார் மேல கோவத்துல போட்டீங்க?" என்று அக்காவைக் கேட்டேன்.

"எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல சார். எனக்கு பாக்கெட்டு வோணும்."

பிறந்ததிலிருந்து நாற்பத்தைந்து வயது வரைக்கும் அவருடைய உடுப்பில் பாக்கெட்டே இருந்ததில்லையாம். இப்போது ஒரே பேண்டில் ஐந்து. முன்னால் வலது பக்கம் அளவு டேப், மார்க்கர். இடது பக்கம் போன். பின்னால் ஒன்றில் லைசென்ஸும் குட்டி புதிய ஏற்பாடும், இன்னொன்றில் தைலம். எதற்கென்றே யாருக்கும் புரியாத அந்த ஐந்தாவது குட்டிப் பாக்கெட்டில் நாலு கிராம்பு. பல் வலிக்கு. யார் என்ன கேட்டாலும் எடுத்துத் தருவார். கம்பெனி முதலுதவிப் பெட்டியை விட அக்காவின் ஜீன்ஸில் பொருள் அதிகம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பட்டுப்புடவைதான். ஏன் என்று கேட்டால், "ஆண்டவரு இன்னா லோடு ஏத்தவா கூப்ட்றாரு?" என்பார்.

அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே பேஜாரு, மகள் எஸ்தர். ப்ளஸ் டூ படித்தாள். அப்பன் ஆத்தாளை எதிர்க்க நினைக்கும் பெண்கள் ஜீன்ஸ் போடுவார்கள். ஆத்தாளே ஜீன்ஸ் போட்டுவிட்டால் அந்தப் பெண் எங்கே போவாள்? எஸ்தர் எண்ணெய் வைத்துப் பின்னலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புடவை கட்டிக்கொண்டாள். கடைக்குப் போனால் புடவை, டியூஷன் போனால் புடவை. அக்கா கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், ஒரு ஜீன்ஸ் வாங்கிக் கொடுத்தும் பார்த்தார். எஸ்தர் தொடவில்லை.

"வயசுப் பொண்ணு இப்டி பொடவ கட்டிக்கினு திரியுது சார். நாலு பேரு இன்னா நெனப்பாங்க?" என்று என்னிடம் வந்து கண் கலங்கினார்.

இந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் புது ஜி.எம். வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் வாயால் சொல்லமாட்டார். தும்மல் வந்தால்கூட சுற்றறிக்கை விட்டுவிட்டுத்தான் தும்முவார் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். ஒரு வடநாட்டுக் கம்பெனி பெரிய ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லி, திங்கட்கிழமை ஒரு அதிகாரியைச் சோதனைக்கு அனுப்புவதாக இருந்தது. ஜி.எம். சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டுச் சொல்லச்சொல்ல அடிக்கவைத்தார். ஜீன்ஸ் ஒழுங்கீனத்தின் அடையாளம். திங்கள் முதல் ஜீன்ஸுடன் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. மீறி வரும் ஆண்களுக்கு வாட்ச்மேன் காக்கி பேண்ட் கொடுத்து மாற்றவைக்க வேண்டும். பெண் தொழிலாளர்களுக்குப் புடவையும் மேல்கோட்டும் மட்டுமே. மறுப்பவர்கள் எந்த வேலையில் இருந்தாலும் ஹவுஸ்கீப்பிங்குக்கு மாற்றப்படுவார்கள்.

கம்பெனியில் ஜீன்ஸ் போட்ட பெண் ஒருவர்தான். அவர் பெயரை மட்டும்தான் எழுதவில்லை.

அக்காவிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார்.

"யாரு சார் அடிச்சது?"

"ஜி.எம். சொன்னாருக்கா. நான் அடிச்சேன்."

"நல்லா அடிச்சிகீற" என்றார். கேலி என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். கேலி இல்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. "பதினோரு வருசம் குனிஞ்சே கெடந்தேன் சார். தரையத் தவிர ஒண்ணும் பாத்தது இல்ல. இந்த ரெண்டு வருசமாத்தான் மேல ஒக்காந்து நாலு பேரு மூஞ்சப் பாக்குறேன். மறுபடி தொடப்பத்த எடுன்னா எடுப்பேன், பொண்ணு படிக்குது. ஆனா அந்த வண்டில வேற எவனாச்சும் ஒக்காந்து கீறத பாத்தா அய்துடுவேன் சார்."

அன்று மதியம் ஜி.எம்மிடம் போய்ப் பேசலாம் என்று அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். "என்ன தம்பி?" என்றார். "மின்விசிறி சத்தம் போடுதா சார்னு கேட்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் அவ்வளவு பெரிய வீரன்.

திங்கட்கிழமை அக்கா புடவையில் வந்தார். மேலே கோட்டு, தோளில் இரண்டு சேஃப்டி பின். ஒழுங்காக வணக்கம் சொல்லி, கைநாட்டு மெஷினில் விரல் வைத்து, நேராகப் போய் ஃபோர்க்லிஃப்ட் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏறவில்லை. எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. ராத்திரி ஷிப்டில் ஓட்டும் இன்னொரு ஆபரேட்டர் குழந்தைக்கு மொட்டை அடிக்கத் திருப்பதி போயிருந்தார். ஏழு லாரிகள் வரிசை கட்டி, கடைசி லாரியின் வால் சாலைக்கு வந்துவிட்டது.

அதே நேரத்தில் கேட்டில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. எங்கள் வாட்ச்மேன் ஆந்திர எல்லையில் தடா ஊர்ப் பக்கத்துக்காரர். சிறியவர் பெரியவர் எல்லோரும் அவருக்கு நைனாதான். சுற்றறிக்கையைக் கேட்டில் ஒட்டி, ஆறு காக்கி பேண்டுகளைக் கொடியில் தொங்கவிட்டுத் தயாராக இருந்தார். ஒன்பதே காலுக்கு ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது சோதனைக்கு வந்த அதிகாரி. முப்பது வயது, கையில் நோட்டு, இடுப்பில் ஜீன்ஸ்.

நான் ஓடிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாட்ச்மேன் பெருமையாக என்னிடம் வந்தார்.

"ஒரு பையன் வந்தான் நைனா. செண்ட்டு கமகமன்னு அட்ச்சிக்கினு, புஸ்புஸ்ஸுனு இங்கிலீஷு. நான் வுடல. ரூலுன்னா ரூலு. மாத்திவுட்டேன்."

"ஐயோ, அவர் யாருன்னு தெரியுமா?"

"யாரா இருந்தா இன்னா? நோட்டீஸுல பேரு போட்டு வெலக்கு குடுத்துகீதா?"

கொடுக்கவில்லைதான். நான்தானே அடித்தேன்.

அந்த மனிதர் அதை ஏதோ பாதுகாப்பு நடைமுறை என்று நினைத்துக்கொண்டுவிட்டார். பூமாலையோடு அலுவலக வாசலில் காத்திருந்த ஜி.எம். முன்னால், நாற்பத்திரண்டு அங்குலக் காக்கி பேண்டை இடுப்பில் சணல் கயிற்றால் கட்டி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு வந்து நின்றார். மாலை ஜி.எம். கையிலேயே இருந்தது. அதிகாரி கேட்ட முதல் கேள்வி, லாரிகள் ஏன் நிற்கின்றன என்பதுதான்.

ஜி.எம். ஓட்டமும் நடையுமாக ஃபோர்க்லிஃப்ட் பக்கம் வந்தார். பின்னால் நான், எங்களுக்குப் பின்னால் பேண்டைப் பிடித்தபடி அதிகாரி.

"ஏம்மா சும்மா நிக்கிறீங்க? ஏறுங்க!"

"எப்டி சார் ஏறுவேன்?" அக்கா வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பலகையைக் காட்டினார். தொங்கும் உடையுடன் வண்டியில் ஏறாதீர். கீழே ஜி.எம். கையெழுத்து. அவர் வந்த முதல் வாரத்தில் விட்ட சுற்றறிக்கை அது. "அந்த நோட்டீஸு பொடவ கட்டுன்னுது, கட்டிக்கினேன். இந்த நோட்டீஸு பொடவையோட ஏறாதேன்னுது, ஏறல. ரெண்டும் நீங்க போட்டதுதான் சார். எத்த மீறட்டும்? நீங்களே சொல்லு."

அதிகாரி நோட்டைத் திறந்து, அது என்ன பலகை என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் அக்காவின் புடவையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தலையை ஆட்டியபடி எழுத ஆரம்பித்தார். ஜி.எம்முக்கு வேர்த்துக்கொட்டியது.

"அந்த சுற்றறிக்கையை விடும்மா. ஜீன்ஸ் இருக்கா?"

"பையில கீது. எழுத்துல குடுத்தா மாட்டிக்கினு வந்துட்றேன்."

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். "ஓடு தம்பி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு இன்று மட்டும் ஜீன்ஸ் அணிய அனுமதினு ஒரு கடிதம். ரெண்டு நிமிஷத்துல வேணும்."

ஓடினேன். கணினி முன்னால் உட்கார்ந்தேன். 'ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு' என்று அடித்தேன். அடுத்து 'இன்று மட்டும்' அடிக்க வேண்டும். விரல் போகவில்லை. நாளைக்கு அந்த வண்டியில் வேறு எவனாவது உட்கார்ந்திருப்பான், அக்கா கீழே குனிந்து பெருக்கிக்கொண்டிருப்பார், நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த இரண்டு வார்த்தையையும் விட்டுவிட்டு, 'ஜீன்ஸ் அணிய அனுமதி அளிக்கப்படுகிறது' என்று முடித்து, பிரிண்ட் எடுத்து, சீல் குத்திக்கொண்டு ஓடினேன். ஜி.எம். படிக்கவே இல்லை. என் முதுகிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கலகம் அதுதான். மடிப்புக் கலையாத சாம்பல் நிற டெரிகாட்டன் பேண்டில் செய்தேன்.

அக்கா மூன்று நிமிடத்தில் ஜீன்ஸோடு வந்து ஏறினார். ஏழு லாரியும் மதியத்துக்குள் கிளம்பிவிட்டன.

புதன்கிழமை ஜி.எம். ரவுண்ட்ஸ் வந்தபோது அக்கா ஜீன்ஸில்தான் வண்டிமேல் இருந்தார்.

"இன்னைக்கு மட்டும்னுதானே சொன்னேன்?"

அக்கா பின் பாக்கெட்டிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். அதற்குள் லேமினேட் செய்துவிட்டிருந்தார்.

ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். "அவசரத்துல விட்டுப்போச்சு சார்" என்றேன். நம்பவில்லை. கவனக்குறைவுக்காக எனக்கு ஒரு மெமோ. மெமோ அடிப்பது என் வேலை என்பதால் எனக்கான மெமோவை நானே அடித்து, நானே கொடுத்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அந்த அதிகாரியின் அறிக்கை வந்தது. ஓட்டுநர் உடலோடு ஒட்டிய கனத்த உடை அணிந்திருப்பது நல்ல முன்மாதிரி என்று அதில் ஒரு வரி. அதன் பிறகு ஜி.எம். அது தன்னுடைய யோசனை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அக்காவின் வண்டியை யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பட்டுப்புடவையோடு அக்கா என் அறைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"ரெண்டு வார்த்த மறந்துட்டியாமே சார்?"

"ஆமாக்கா. அவசரம்."

"ஒனக்குப் பொய் சொல்ல வரல சார். காது செவந்துபோச்சு பாரு." பையைக் கட்டில்மேல் வைத்தார். உள்ளே புது ஜீன்ஸ். என் இடுப்பு அப்போது முப்பது. அது முப்பத்தாறு. "எனக்கு என் சைஸுதான் தெரியும். வெச்சிக்கோ. கொஞ்சம் வயசானா சரியாப்பூடும்" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நான் வேலை மாறி, ஊர் மாறி, பத்திரிகையில் எழுத வந்துவிட்டேன். அக்கா ரிட்டயர் ஆகி கவரைப்பேட்டையில்தான் இருக்கிறார். எஸ்தர் நர்ஸ். எத்தனையோ வீடு மாற்றினேன், எத்தனையோ துணியைக் கழித்தேன், அந்த ஜீன்ஸை மட்டும் யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. போன வாரம் சும்மா போட்டுப் பார்த்தேன். கயிறு இல்லாமல், பெல்ட் இல்லாமல், கச்சிதமாக நின்றது. உடனே போன் செய்தேன்.

"அக்கா, நீங்க குடுத்த பேண்ட் சரியாயிடுச்சு."

"தொப்ப வந்துட்ச்சா சார்?" என்று அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "சரி, இந்த வயசுல அத்த மாட்டிக்கினு எங்க போவப்போற?"

"உங்களைப் பார்க்கத்தான்க்கா" என்றேன்.